எடுத்து வைத்தது ஏன் வெளியே போவதில்லை

வீட்டை ஒழிக்கக் கிளம்புகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதிக்கு மேல் மனசைப் பற்றியவை. இந்தப் பொருள் மேல் இன்னும் ஆசை இருக்கிறதா, இது போனால் வருந்துவாயா என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு இதில் நெடுநாளாகவே ஒப்புதல் இல்லை. விளிம்பு உடைந்த மிக்ஸி ஜார் மேல் யாருக்கும் பாசம் கிடையாது. இரண்டு போனுக்கு முந்திய போனின் சார்ஜர், காலியான இன்வெர்ட்டர் பேட்டரி, டிவி வந்த தெர்மாகோல், மூடி தொலைந்த ஹோட்டல் பார்சல் டப்பாக்கள் இவற்றை யாரும் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் வருடக்கணக்காகப் பரணில் கிடக்கின்றன. அவை வேண்டாம் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. யார் எடுத்துக்கொள்வார்கள், எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பது மட்டும் முடிவாகவில்லை.

ஒரு தலைமுறைக்கு முன்னால் வீட்டுக்குள் வந்த பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு வெளியே போகும் வழியும் கூடவே இருந்தது. ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவிக்கொண்டு ஒருவர் வருவார். பழைய துணி பாத்திரக்காரரிடம் போகும். பேப்பர் கடைக்குப் போய் மளிகைப் பொட்டலமாகத் திரும்பி வரும். கிழிந்த பருத்திப் புடவை குழந்தைக்குத் தூளியாகும், பிறகு கரித்துணியாகும். இப்போது பொருள் வரும் வழிகள் பெருகிவிட்டன. வருகிறவற்றில் பாதியைத் தெருவில் வரும் வண்டிக்காரர் தொடவே மாட்டார். தெர்மாகோலுக்கு எடை கிடையாது. பாலியஸ்டர் துணி தண்ணீரை உறிஞ்சாது, அதனால் துடைக்கக்கூட உதவாது. இற்றுப்போன பிளைவுட் அலமாரியை விறகுக்குக்கூடக் கேட்பாரில்லை. இந்த இடத்தில்தான் வீட்டுச் சாமான் தேங்குகிறது என்பது என் கணிப்பு.

அதனால் ஒழிக்கும் வேலையைப் பரணிலிருந்து தொடங்காமல் வாசலிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

ஹாலில் நான்கு நாள்

பெரும்பாலான முயற்சிகள் எங்கே தோற்கின்றன என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உற்சாகமாக எல்லாவற்றையும் கீழே இறக்குகிறார்கள். மாலைக்குள் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு குவியல் சேர்ந்துவிடுகிறது. கடினமான வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். வேண்டாத குவியல் ஹால் மூலையில் உட்காருகிறது. திங்கட்கிழமை ஆபீஸ், பள்ளிக்கூடம். செவ்வாய்க்கிழமை வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்தக் குவியலைச் சும்மா கிளறிப் பார்த்து, இந்த டிபன் கேரியர் நன்றாகத்தானே இருக்கிறது என்று எடுத்து அடுப்படியில் வைப்பார். புதன்கிழமை விருந்தாளி வருவதாகப் போன் வரும். மிச்சமிருப்பதை ஒரு பழைய பெட்ஷீட்டில் மூட்டை கட்டி மறுபடி பரணில் ஏற்றிவிடுவார்கள். இப்போது முன்பைவிட மோசம்: தனித்தனியாக இருந்ததெல்லாம் ஒரே மூட்டைக்குள். உள்ளே என்ன இருக்கிறதென்று அடுத்த முறை யாருக்கும் நினைவிருக்காது.

இந்த நான்கு நாள்தான் விஷயம். வேண்டாம் என்று எடுத்த பொருள் அன்றைக்கே, மிஞ்சிப் போனால் மறுநாளே வாசலைத் தாண்ட வேண்டும். அதற்கு நாளைப் பின்னாலிருந்து குறிக்க வேண்டும். பழைய இரும்பு, பேப்பர் கடைக்காரரிடம் முதலில் பேசி, சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்று அவர் சொன்ன பிறகு, வெள்ளிக்கிழமை மாலை பரணைத் திறக்கலாம். துணி கொடுக்கிற இடத்தில் எந்த நாளில் வாங்குவார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரிய மரச்சாமான், மெத்தை இருந்தால் உங்கள் ஊர் உள்ளாட்சி எப்படி எடுக்கிறது என்று விசாரிக்க வேண்டும். சென்னை மாநகராட்சி 2025-இல், முன்பதிவு செய்த வீடுகளுக்குச் சனிக்கிழமைகளில் வந்து பழைய சோபா, கட்டில், மெத்தை போன்றவற்றை எடுத்துப்போகும் ஏற்பாட்டைத் தொடங்கியது. இந்த மூன்று போன் பேச்சும் முடியாமல் ஸ்டூலில் ஏறக் கூடாது.

நம் வீட்டுப் பரண் பெரும்பாலும் ஏழடி உயரத்தில், இரண்டடி ஆழத்தில் சுவர் நீளத்துக்கு ஓடும் கான்கிரீட் பலகை. ஒரு தடவைக்கு அதில் பாதி போதும். முழுவதையும் இறக்கினால் தரையில் கால் வைக்க இடமிருக்காது, இரவுக்குள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டிய கட்டாயம் வந்துவிடும். இரண்டு பேர் வேண்டும். நாற்காலி மேல் ஸ்டூல் போடாமல் ஏணி வேண்டும். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ள வேண்டும், பல்லி முட்டையும் கரப்பான் எச்சமும் கலந்த தூசு சாதாரணத் தூசு இல்லை. கீழே ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து அதன் நான்கு மூலைக்கு நான்கு வழி: கடைக்கு எடை போடுவது, யாருக்காவது கொடுப்பது, தனியாக ஒப்படைக்க வேண்டிய அபாயமான குப்பை, யோசிக்க வேண்டியது. நான்காவதுக்கு மட்டும் ஓர் எல்லை உண்டு. ஒரே ஓர் அட்டைப்பெட்டி; அதில் கொள்வதுதான் கணக்கு. பெட்டி மேல் அன்றைய தேதியை மார்க்கரில் எழுத வேண்டும். அடுத்த ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்யும்போது அந்தப் பெட்டியை நடுவில் ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்று தெரிந்தால், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

எடை போடும் இடத்தில் நடப்பது

கலந்து போட்டால் மட்டமான விலைக்குத்தான் எல்லாம் போகும். பழைய திருகு குழாய்கள் இதற்கு நல்ல உதாரணம். மேலே வெள்ளை முலாம் பூசியிருப்பதால் இரும்பென்று நினைத்து இரும்புக் குவியலில் போடுகிறார்கள். அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் உள்ளே மஞ்சள் தெரியும், அது பித்தளை. பழுதான ஃபேன், மோட்டார் இவற்றில் சுற்றியிருப்பது செம்புக் கம்பியா அலுமினியமா என்பதைப் பொறுத்து விலை மாறும். குக்கரின் பேக்லைட் கைப்பிடியை நீங்களே ஸ்குரூ டிரைவரால் கழற்றிவிட்டால், கைப்பிடிக்கு என்று கடைக்காரர் கழிக்கும் கழிவு இருக்காது. எவர்சில்வர் பாத்திரத்துக்குக் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். நன்றாக ஒட்டினால் விலையைக் குறைப்பார்கள். செய்தித்தாளை நோட்டுப் புத்தகம், அட்டையோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பயணப் பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் ஒவ்வொரு கட்டையும் முன்னாடியே எடை பார்த்து மேலே எழுதிவிடலாம். அதற்குப் பிறகு தெருத் தராசு கொஞ்சம் நேர்மையாகிவிடும்.

பணம் பெரிதாக வராது. அதை எதிர்பார்த்து விலை பேசிப் பேசி வண்டியைத் திருப்பி அனுப்புகிறவர்களின் வீட்டில் சாமான் அப்படியே இருக்கும். நல்ல விலை வரட்டும் என்று காத்திருப்பதும் ஒருவகைச் சேமிப்புப் பழக்கம்தான், அதற்கு இடவாடகை நீங்கள் கொடுக்கிறீர்கள்.

மூன்று பொருளைத் தெருவண்டியில் ஏற்றக் கூடாது. ஒன்று, பழைய பெட்டி டிவி. பின்புறமிருக்கும் செம்புச் சுருளுக்காக அதை உடைத்து எடுத்துவிட்டு காரீயம் கலந்த கண்ணாடியை எங்காவது காலி மனையில் கொட்டுவார்கள். 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போக வேண்டும். இரண்டு, வயிறு உப்பிய போன் பேட்டரி. அதை அமுக்கவோ குத்தவோ கூடாது. ஒரு தகர டப்பாவில் போட்டு வெயில் படாத இடத்தில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும். போனைக் கொடுப்பதற்கு முன் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு உள்ளிருப்பதை அழித்துவிடுங்கள். மூன்று, எல்இடி அல்லாத பழைய டியூப்லைட், சிஎஃப்எல் பல்பு, பாதரசத் தெர்மாமீட்டர். இவற்றில் பாதரசம் இருப்பதால், காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா இவற்றோடு சேர்த்து வீட்டு அபாயக் கழிவாகத் தனியாகக் கொடுக்கச் சொல்கின்றன திடக்கழிவு விதிகள். மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டுவதும் தப்பு, அட்டையோடு குப்பைத் தொட்டியில் போடுவதும் தப்பு. அட்டையிலிருந்து பிரித்து, வடிகட்டிய காபித்தூளோடு பிசைந்து, கவரில் இறுகக் கட்டி அந்த அபாயக் கழிவோடு வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் கவலையில்லை, புதியது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள்.

போகிக்கு எரிப்பது என்ற வழியை விட்டுவிடலாம். அது கிழிந்த பாய்க்கும் தேய்ந்த துடைப்பத்துக்கும் ஏற்பட்ட வழக்கம். டயரும் ரெக்சினும் பிளாஸ்டிக்கும் எரியத் தொடங்கியபின் என்ன ஆகிறதென்று 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் பார்த்தோம். புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின.

துணி

கொடுத்துவிட்டால் யாருக்காவது உதவும் என்ற நினைப்பில்தான் துணி மூட்டைகள் கிளம்புகின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கரைக்கு வந்து இறங்கிய பழைய துணிகளில் ஏராளமானவை யாரும் தொடாமல் சாலையோரம் கிடந்து மக்கின. ஜிப் போன பேன்ட், கறை படிந்த சட்டை, அந்தக் கடலோரத்தில் யாரும் உடுத்தாத ஆடைகள். கொடுப்பதற்கு ஒரே அளவுகோல் போதும்: துவைத்து, இஸ்திரி போட்டு, பக்கத்து வீட்டுப் பையனுக்கு முகம் பார்த்துக் கொடுக்க முடியுமா? முடியாது என்றால் அது துணியாகப் போகக் கூடாது. பருத்தியாக இருந்தால் ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி அடுப்படிக்கு வைத்துக்கொள்ளலாம், இருபது துண்டுக்கு மேல் எந்த வீட்டுக்கும் வேண்டியதில்லை. மிச்சத்தைத் தெரிந்த மெக்கானிக் ஷெட்டில் கேட்டுப் பாருங்கள். கையில் படும் கிரீஸைத் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் அவர்கள். பழைய துணிக்குப் பிளாஸ்டிக் டப் தருகிற வண்டியை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஒன்று போய் ஒன்று வருகிறது, அவ்வளவுதான்.

பட்டுப்புடவைக்கு வேறு கணக்கு. அசல் ஜரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி அதற்குத் தங்க முலாம் இருக்கும். மட்டமானதில் வெள்ளிக்குப் பதில் செம்பு. ஓரத்தில் ஓர் இழையை உருவிச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிவது அசல் என்பதற்கு ஓர் அடையாளம், ஆனால் விலை பேசுமுன் சோதனை எந்திரத்தில் காட்டுவது நல்லது. வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார்கள், புடவைக்காக இல்லை. வைத்துக்கொள்வதென்று முடிவானால் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். சில மாதத்துக்கொருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் ஜரிகை மடிப்பிலேயே முறியும். அந்துருண்டை ஜரிகையில் பட்டால் கறுக்கும். இந்தப் பராமரிப்பைச் செய்ய முடிகிற எண்ணிக்கைதான் ஒரு வீட்டுக்கு வேண்டிய பட்டுப்புடவைகளின் எண்ணிக்கை.

ரவிக்கைத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. நவராத்திரிக்கு ஒரு வீட்டில் வாங்கியது தைக்கப்படாமலே அடுத்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து வேறு வீட்டுக்குப் போய், சில சமயம் கொடுத்தவரிடமே வந்து சேரும். கேலி செய்வார்கள். எனக்கு அது மிகச் சரியான ஏற்பாடாகப் படுகிறது. மரியாதையும் நடந்துவிட்டது, எந்த வீட்டிலும் பொருளும் தேங்கவில்லை.

காகிதம்

காகிதத்தில் பயம்தான் தடை. எதைக் கிழித்தால் பின்னால் வம்பு வரும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் வைத்திருக்கிறோம். என்றைக்கும் வைத்திருக்க வேண்டியவை ஒரு கோப்புக்குள் அடங்கிவிடும்: கிரயப் பத்திரம், மூலப் பத்திரங்கள், பட்டா, பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகள், படிப்புச் சான்றுகள், ஓய்வூதிய ஆணை, நடப்பிலுள்ள காப்பீடு, நகை வாங்கிய ரசீது, கேஸ் இணைப்பின் வவுச்சர். மூலப் பத்திரம் தொலைந்தால் போலீஸில் புகார், பத்திரிகையில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று அலைய வேண்டியிருக்கும். அதனால் ஒழிக்கும் நாளில் அந்தக் கோப்பை முதலில் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். வருமான வரிக் காகிதங்களுக்கு எட்டு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. பழைய கரண்ட் பில், போன் பில், கேஸ் பில், கல்யாணப் பத்திரிகைக் கட்டு எதுவும் வேண்டாம்.

உத்தரவாதத்துக்காக வைத்திருக்கும் கடை ரசீதுகளை எடுத்துப் பாருங்கள். வழவழப்பான தாளில் அச்சானது எழுத்தே இல்லாமல் வெளுத்திருக்கும். அது சூட்டில் கறுக்கிற தாள், மை கிடையாது. வாங்கிய அன்றே படமெடுத்து வைக்க வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யப்போனால் முழுத்தாளும் கறுத்துவிடும். சாமான் வந்த அட்டைப்பெட்டியும் உத்தரவாதத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாது, பில்லும் சீரியல் எண்ணும்தான் கேட்பார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் டிவி பெட்டியை மட்டும் மடித்து வைத்துக்கொள்ளலாம்.

ஆதார் நகல், வங்கிக் கணக்குத் தாள் இவற்றைப் பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். வறுத்த கடலைப் பொட்டலத்தில் ஊரார் பான் எண்ணைப் படித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ஒரு வாளித் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்துக் காலையில் பிசைந்தால் கூழாகிவிடும். கிழிப்பதைவிட வேகமான வழி. காலாவதியான ஏடிஎம் அட்டையில் சிப், காந்தப் பட்டை இரண்டும் துண்டாகும்படி வெட்டுங்கள்.

ஒன்றில் மட்டும் அவசரம் கூடாது. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துப் படத்தோடு பைண்டு செய்த தொடர்கதைகள் பல வீட்டுப் பரணில் இன்னும் இருக்கின்றன. ராமபாணப் பூச்சி துளைத்திருக்கும், ஓரம் பொடிப்பொடியாக உதிரும். அவற்றை எடைக்குப் போடுமுன் சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தையோ கேட்டுப் பாருங்கள், அரிதானதாக இருந்தால் அவர்களுக்குப் பயன்படலாம். கல்யாண வீடியோ கேசட்டும் அப்படித்தான், ஆனால் அங்கே அவசரம் வேண்டும். கேசட் ஓட்டும் கருவியைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள், கருவியும் கெடும், மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். மாற்றித் தரும் ஸ்டூடியோவில் பூஞ்சை இருக்கிறதென்று முதலிலேயே சொல்லிக் கொடுங்கள்.

எதை விட்டுவைக்கலாம்

ஒழித்த வீடு என்றால் வெள்ளைச் சுவர், ஒரு நாற்காலி, ஒரு செடி என்று படம் போடுகிறார்கள். குழாயில் எப்போதும் தண்ணீர் வரும் ஊருக்கு அது பொருந்தும். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற சென்னைக்காரரிடம் எட்டுக் குடம் எதற்கு என்று யாரும் கேட்க முடியாது. மாதச் சாமான் டப்பாக்கள், எமர்ஜென்சி விளக்கு, மழைக்காலத்துக்கு வைத்திருக்கும் ஸ்டவ், கொலு பொம்மைப் பெட்டிகள் இவையெல்லாம் வருடத்தில் சில நாள்தான் வெளியே வரும் என்றாலும் சாமானே, குப்பை இல்லை. ஒன்று வாங்கினால் ஒன்றைக் கழி என்ற விதியும் நம் வீடுகளில் நடப்பதில்லை. வாங்குகிறவர் ஒருவர், கழிக்க வேண்டியவர் வேறொருவர். பழி மட்டும் கழிப்பவர் தலையில். தட்டுக்கணக்கு அதைவிட மேல். டப்பாக்களுக்கு ஒரு தட்டு என்றால் ஒரு தட்டுதான், மூடியோடு பொருந்தாதது அன்றைக்கே வெளியே.

கடைசியில் மிஞ்சுவது பாத்திரம். இங்கேதான் சண்டையும். சீராக வந்தது, பேர் வெட்டியது, மாமியார் வாங்கியது. இதை மருமகளோ மகனோ தனியாகத் தீர்மானிக்கக் கூடாது. பாத்திரத்தைக் கொண்டுவந்தவர் இருக்கிறபோது அவரையே உட்காரவைத்து எடுக்கச் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் வெண்கல உருளியையும், வெள்ளீயத்தில் செய்த ஈயச் சொம்பையும் கீழே இறக்கி அடுப்படியில் வைத்துவிடுங்கள். புழங்கினால் அது பரணில் ஏறாது. ஈயச் சொம்பை மட்டும் காலியாக அடுப்பில் வைத்துவிடாதீர்கள், 232 டிகிரியில் உருகிவிடும். ஐம்பது பேருக்குச் சமைக்கும் அண்டா, தவலை, அகலக் கரண்டி இவை வருடத்தில் ஒரு விசேஷத்துக்கு வேண்டுமென்றால் பாத்திர வாடகைக் கடையில் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கிடைக்கும். அடுத்த நாள் திருப்பிக் கொடுத்துவிடலாம். மிச்சப் பித்தளையைப் பாத்திரக் கடையில் எடைக்குக் கொடுத்துப் புதிதாக ஒன்று வாங்கும்போது, பேர் வெட்டிய குடத்தில் எது எடைக்குப் போகிறது, எது வீட்டுக்குத் திரும்புகிறது என்று கடைக்குக் கிளம்புமுன்பே பேசி முடித்துவிடுங்கள். தராசில் ஏறியபிறகு மனம் மாறினால் கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது, வீட்டிலும் ஒரு மாதத்துக்குப் பேச்சிருக்காது.